மதுரை ஈன்ற மாதரசி ருக்மிணி தேவியார்

உலகத்தார் எப்பொருளையும் பயன் என்னும் கோல் கொண்டே அளப்பர். பால் வற்றிய பசுவும், ஏர் இழுக்கமாட்டாத எருதும், கண் மங்கிப் பல் தேய்ந்த காவல் நாயும் அக்கோலின் முன் நிற்கலாற்றாமல் வீதிக்கு வந்துவிடுகின்றன. இளமையில் அவை உழைத்த உழைப்பு முதுமையில் கணக்கில் வைக்கப்படுவதில்லை. மதுரை மாநகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் அறிந்தார்க்கு இக்காட்சி புதியதன்று. பயன் தீர்ந்ததென்று பிறர் தள்ளிய பொருள்களையும் உயிர்களையும் எடுத்து, அவற்றுக்கு உறைவிடம் தேடித் தருதலைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் ஓர் அம்மையார். அவர் இம்மதுரையிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். பரதநாட்டியம் என்றவுடன் ருக்மிணி தேவியின் பெயரை நினைப்பவர் பலர். வாயில்லா உயிர்களுக்காக அவர் செய்த தொண்டை நினைப்பவர் சிலரே. ஆதலின், அப்பெருமாட்டியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவ்வரலாறு இன்று மாணவராகிய நம்மிடம் யாது வேண்டுகின்றது என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவியார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையிலே தோன்றினார். நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை வரும் நாள் அது. தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார்; அரசாங்கப் பொதுப்பணித் துறையிற் பொறியாளராக இருந்தவர்; வடமொழிப் புலமையும் உடையவர். அன்னையார் சேஷம்மாள், தியாகராசர் வாழ்ந்த திருவையாற்றினர். இசையில் ஈடுபாடு மிக்கவர். தந்தையார் பிரம்மஞான சபையைச் சார்ந்தவராதலின், பணியினின்று ஓய்வு பெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாற்றிற் குடியேறினார். அன்னி பெசண்டு அம்மையாரின் அருகிருந்து பழகும் வாய்ப்பு அங்கே இச்சிறுமிக்குக் கிட்டிற்று. எல்லா உயிரும் ஒன்றென்னும் கொள்கையும், புலால் மறுத்தலும் அவ்விடத்து வாழ்க்கையில் ஊறிக் கிடந்தவை. பின்னாளில் அம்மையாரிடத்து வளர்ந்து பெருமரமாகிய அருளுக்கு வித்து அங்கே இடப்பட்டது எனலாம்.

1920-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை அவர் மணந்தார். அருண்டேல் அவரினும் இருபத்தைந்து ஆண்டு மூத்தவர். சென்னை நகரத்து உயர்குடிகளிடையே அத்திருமணம் பெருங்கிளர்ச்சியை விளைத்தது. உறவினரும் ஊராரும் தூற்றிய தூற்றுதலை அவ்விளம்பெண் பொறுத்துக்கொண்டார். பிறர் ஒதுக்கும்பொழுது உள்ளம் எவ்வாறு வருந்தும் என்பதனை அவர் நூலிற் படித்து அறியவேண்டிய தேவை நேரவில்லை.

கலைத்தொண்டு

கணவரோடு பல நாடுகளுக்கும் சென்ற அம்மையார், 1928-இல் பம்பாயில் அன்னா பாவ்லோவா என்னும் உருசிய நடனப் பேரரசியின் ஆடலைக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பற் பயணத்தில் இருவர்க்கும் நட்பு வளர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டி என்பாரிடம் அம்மையார் மேனாட்டு நடனம் பயின்றார். தம் தாய்நாட்டு ஆடற்கலையை நாடுமாறு அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே.

அக்காலத்தில் நம் நாட்டுச் சதிராட்டம் இழிந்ததென்று கருதப்பட்டு ஒடுங்கிக் கிடந்தது. 1933-இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தணைநல்லூர் வழிவந்த நங்கையர் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அம்மையார் உள்ளம் உருகினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடத்தும், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடத்தும் பணிந்து கற்றார். 1935-ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாற்றில் முதன்முறையாக ஆடினார். அந்தணர் குலத்து மணமான பெண் ஒருத்தி சதிர் ஆடுவதா என்று வியந்தவரும் வெகுண்டவரும் அன்று பலர்.

ஈண்டு ஒன்று கூறாதொழியின் வரலாறு முழுமை பெறாது. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர் நட்டுவனாரும் மரபுவழி ஆடல் மகளிருமே ஆவர். அம்மையார் சிருங்காரப் பகுதிகளைக் குறைத்துச் செய்த மாற்றங்களைப் பாலசரசுவதி போன்ற பெருங்கலைஞர் உடன்படவில்லை. அம்மாற்றங்களால் மரபினர் பின்தள்ளப்பட்டனர் என்று கூறுவாரும் உளர். இக்கருத்துகளுக்கும் உரிய மதிப்பளித்தல் நம் கடமையே.

1936-ஆம் ஆண்டு சனவரியில் கலாக்ஷேத்திரம் நிறுவப்பட்டது. அது நடனம் ஒன்றனுக்கே உரியதாய் நில்லாமல், நலிந்து கிடந்த பல கலைகட்கும் புகலிடமாயிற்று. கைத்தறி நெசவுக்கு அங்கே தறிகள் அமைந்தன. நம் தமிழிலக்கியமாகிய குற்றாலக் குறவஞ்சி 1944-இல் நாட்டிய நாடகமாக அங்கே அரங்கேறிற்று. தமிழ் மாணவராகிய நாம் சிறப்பாக நினைக்கத் தக்கது பிறிதொன்று உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1942-இல் இயற்கை எய்தியபின், அப்பெரியார் ஊர் ஊராகத் தேடித் திரட்டிய ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் சிதறாவண்ணம் காக்க 1943-இல் அவர் பெயரால் நூல் நிலையம் ஒன்றை நிறுவியவரும் இவ்வம்மையாரே. செல்லரித்த பழஞ்சுவடி எதற்கு உதவும் என்று கேட்பார் கேட்க, அதற்கும் ஓர் இல்லம் அமைத்தார் அவர். 1945-இல் கணவரை இழந்த பின்னரும் அவர் தொண்டு தளரவில்லை.

மாநிலங்களவையில் ஒரு குரல்

நாடு விடுதலை பெற்று முதற்பாராளுமன்றம் அமைந்தபொழுது, 1952-இல் குடியரசுத் தலைவர் அம்மையாரை மாநிலங்களவைக்கு நியமித்தார். அவ்வாறு நியமனம் பெற்ற முதற்பெண்மணி இவர். கலைஞர் என்ற முறையில் நியமனம் பெற்றவராதலின், கலையைக் குறித்தே பேசுவார் என்று அவையினர் எண்ணியிருத்தல் கூடும். அவரோ விலங்குகளின் துன்பத்தை அவை நடுவே எடுத்துவைத்தார்.

விலங்குகட்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்க ஆங்கில அரசாங்கத்தார் 1890-இல் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. அது காலத்துக்கு ஏலாததாய் வலியிழந்து கிடந்தது. இங்கிலாந்திலோ 1822-இலேயே கால்நடைக் காப்புச் சட்டம் பிறந்தது. 1860-இல் மேரி டீல்பி என்னும் அம்மையார் இலண்டன் மாநகரில் வழிதவறிய நாய்களுக்கும் பட்டினி கிடந்த நாய்களுக்கும் ஓர் இல்லம் தொடங்கினார். பேட்டர்சீ இல்லம் என்று இன்று உலகறிந்து விளங்குவது அதுவே. நாய்க்கு வீடா என்று தொடக்கத்தில் நகைத்தவர் பலர். நம் நாட்டிலும் பசுக்களுக்கும் பிற விலங்குகளுக்கும் பிஞ்சராபோல் என்னும் புகலிடங்கள் குசராத்து முதலிய இடங்களில் தொன்றுதொட்டு உண்டு. ஆயினும், நாடு முழுவதற்கும் பொருந்தும் உறுதியான சட்டம் இல்லாமை பெருங்குறையாகவே இருந்தது.

அக்குறையை நீக்கக் கருதிய அம்மையார் 1953-இல் தனி உறுப்பினர் என்ற முறையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவைக்குள் ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. பிரதமர் ஜவாஹர்லால் நேரு, அரசாங்கமே இதனினும் விரிவான சட்டத்தைக் கொண்டுவரும் என்று உறுதி கூறவே, 1954-இல் அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம் பெயரால் சட்டம் அமையவேண்டும் என்னும் ஆசை அவர்க்கு இருந்திருப்பின் அவ்வாறு இணங்கியிரார். பின்னர்க் குழு அமைந்தது, ஆராய்ச்சி நடந்தது, ஆண்டுகள் கடந்தன. முடிவில் 1960-ஆம் ஆண்டின் 59-ஆம் சட்டமாக விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்வழி 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அம்மையார் அதன் முதல் தலைவரானார். இந்நாளில் அவ்வாரியத்தின் தலைமையிடம் அரியானா மாநிலத்துப் பல்லப்கருக்கு மாறியுள்ளது.

சட்டம் திறந்த வாயில்

அச்சட்டத்தை ஊன்றிப் படிப்பார்க்கு இரண்டு செய்திகள் புலனாகும். முதலாவது, பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்துமாறு ஒரு விலங்கைக் கைவிடுதல் குற்றம் என்று அது விதிக்கின்றது. இரண்டாவது, வாரியத்தின் கடமைகளைக் கூறுமிடத்து, முதுமையுற்றுப் பயனற்றுப் போன விலங்குகளும் பறவைகளும் தங்குதற்கு உரிய புகலிடங்களை ஏற்படுத்த ஊக்கமளிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. பயனுள்ள உயிரைக் காப்பாற்றச் சட்டம் வேண்டுவதில்லை. உடையவனின் தன்னலமே அதனைக் காக்கும். பயனற்ற உயிரையும் காக்கவேண்டும் என்று ஓர் அரசாங்கம் எழுதிவைப்பதே அரிது. இவ்வொரு வாக்கியத்துக்காகவே அம்மையாரின் உழைப்பை நாம் போற்றலாம்.

எனினும் அச்சட்டத்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். கைவிட்டவனுக்கு முதற்குற்றத்திற்கு விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. மேலும், தெருநாய்களை உரிய முறையிற் கொன்றொழித்தலை அச்சட்டமே குற்றமென்று கொள்ளாது விலக்கிவைத்தது. ஆகவே, ஒரே நாய் காலையில் ஒருவர் வீட்டு முற்றத்திற் படுத்திருந்தபொழுது சட்டத்தின் காவலில் இருந்தது. மாலையில் அவர் அதனை ஊர்ப்புறத்தே இறக்கிவிட்டுச் சென்றபின் கொல்லத்தக்க தெருநாயாயிற்று. நாயின் உடலில் யாதொரு மாறுதலும் இல்லை. வீடு ஒன்று இருந்தது, பின் இல்லாமற் போயிற்று. உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது அவ்வளவே. 2001-இல் வகுத்த விதிகளும் அவற்றுக்குப்பின் வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளும் கொலை வழியை விடுத்து, கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி இடும் வழியை மேற்கொண்டன. ஆயினும், வீட்டிலே வளர்ந்து முதுமையில் வீதிக்கு வந்த நாய்க்குத் தெருவிற் பிழைக்கும் வகை தெரியாது. அதற்கு வேண்டுவது மற்றொரு வீடு.

சமவெளி நாய்களின் நிலை

நம் மதுரையைச் சூழ்ந்த நிலப்பகுதி நாயினத்திற் சிறந்தது. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராசபாளையம் நாயும், முயலைத் துரத்துவதில் வல்ல சிப்பிப்பாறை நாயும், அதனை ஒத்த கன்னி நாயும், கருமூஞ்சியும் செந்நிறமும் வாய்ந்த கோம்பை நாயும் இப்பகுதிகளிற் பிறந்து புகழ் பெற்றவை. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறையார் வெளியிட்ட நாய் முத்திரைகள் நான்கனுள் இராசபாளையம் நாயும் ஒன்று. ஆட்டுக்கிடைக்கும் களத்துமேட்டிற்கும் காவலாய் இவை நின்ற காலம் உண்டு. வேட்டையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் தடைப்பட்டது. இன்று இவற்றைப் பெருமைக்காக வாங்குவோர் பலர். குட்டியாக இருக்கும்போது ஆயிரக்கணக்கிற் பொருள் கொடுத்து வாங்கி, ஏழெட்டு ஆண்டு கழிந்து மூட்டு நோவும் கண்படலமும் வந்தபின் கைகழுவுவாரும் அவருள் உளர்.

இவ்வாறு கைவிடப்பட்டுக் காப்பகம் புகுந்த முதிய நாய்களுக்கு வீடு தேடித் தரும் பணியை, மேனாடுகளில் ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனிக் குழுவினர் மேற்கொண்டுள்ளனர். இங்கிலாந்தில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு நாய்களுக்கென்றே தனி அறக்கட்டளை உண்டு. இனத்தை அறிந்தவரே அந்நாயின் இயல்பையும் அறிவர் என்பது இம்முறையின் அடிப்படை. இராசபாளையம் நாய் தன் வீட்டாரிடம் பெரும்பற்று வைக்கும். புதியவரை எளிதில் அணுகவிடாது. ஆதலின், விருந்தினர் ஓயாது வந்துபோகும் வீடு அதற்கு ஒவ்வாது. வேட்டை இனத்து நாயைக் கோழியும் ஆட்டுக்குட்டியும் திரியும் முற்றத்தில் விடுதல் இருபாலார்க்கும் கேடு. இவற்றை அறியாது கொடுத்த நாய் சில நாளிலேயே காப்பகத்துக்குத் திரும்பிவிடும். ஒருமுறை வீடிழந்த உயிர் இரண்டாம் முறையும் இழக்குமாயின், அது உணவை மறுத்துச் சோர்ந்து கிடத்தலும் உண்டு.

முறையாகச் செய்வார் செய்யும் வகை இதுவாகும். முதலில் கால்நடை மருத்துவர் நாயின் பல், கண், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றை ஆராய்வார்; தடுப்பூசியும் கருத்தடையும் நடைபெறும். பின்னர்ச் சில வாரம் ஒருவர் இல்லத்தில் தற்காலிகமாக வைத்து அதன் பழக்கவழக்கங்களைக் குறித்துக்கொள்வர். ஏற்க விரும்புவாரின் வீட்டை நேரிற் சென்று காண்பர். நாயின் நோயையும் மருந்துச் செலவையும் மறையாது கூறுவர். பொருந்தாதாயின் நாயைத் தெருவில் விடாமல் தம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குவர். இவ்வகையிற் சென்ற முதிய நாய் வீட்டார்க்குச் சுமையாவது குறைவு. அதன் உருவமும் குணமும் முன்னரே தெரிந்தவை. செருப்பைக் கடித்துக் குதறும் பருவம் அதற்குக் கழிந்துவிட்டது. இருக்குமிடம் அமைதியாயின் அதுவே அதற்குப் போதும். சில ஆண்டுகளே அது வாழும் என்பதும் உண்மையே. அச்சில ஆண்டுகளை அது எங்கே கழிப்பது என்பதே நாம் விடை காணவேண்டிய வினா.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். தருமபுத்திரன், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை வெளியே நிறுத்தித் தான் மட்டும் துறக்கம் புக மறுத்தான். நாலடியாரோ நட்பின் உறுதிக்கு யானையை விடுத்து நாயையே உவமையாக எடுத்துக்கொண்டது. நூலிற் கற்ற இவ்வருள் நம் தெருமுனை வரையிலேனும் வந்து சேர்தல் வேண்டாவோ?

இறுதிக்காலம்

1956-இல் பத்மபூஷண் விருதும், பின்னர்ச் சங்கீத நாடக அகாதெமியின் சிறப்புகளும் அம்மையாரை அடைந்தன. 1968-இல் விலங்கு நலத் தொண்டிற்காகப் பிராணி மித்திர விருது பெற்றார். 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார்; அம்மையார் அதனை ஏற்கவில்லை. குடியரசு மாளிகையினும் திருவான்மியூரின் ஆலமரமும் மாணவரும் அவர்க்கு இனியவாய் இருந்தன போலும். 1959-இல் சென்னையிற் சுந்தரம் குடும்பத்தாரால் தோன்றிய புளூ கிராஸ் முதலிய அமைப்புகள் அவர் காலத்திலேயே வளர்ந்து, கைவிடப்பட்ட நாய்களையும் பிற உயிர்களையும் ஏற்று வந்தன. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அம்மையார் சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1993-இல் பாராளுமன்றம் கலாக்ஷேத்திரத்தை நாட்டின் தனிச்சிறப்பு வாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் ஏற்றது.

முடிவுரை

ருக்மிணி தேவியாரின் வாழ்க்கையைத் தொகுத்து நோக்குங்கால் ஒன்று தெளிவாகின்றது. சதிராட்டம், கைத்தறி, ஏட்டுச்சுவடி, முதுமையுற்ற விலங்கு என்னும் இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். இனி இவற்றாற் பயனில்லை என்று பிறர் கணக்குத் தீர்த்த இடத்திலே அம்மையார் தம் கணக்கைத் தொடங்கினார் என்பதே அவற்றைப் பிணிக்கும் இழை. சுவடிக்கு நூல் நிலையமும் ஆடலுக்குக் கலைக்கழகமும் அவரால் அமைந்தன. முதிய விலங்குக்கு அவர் சட்டத்தைத் தந்தார். வீட்டை அவராலே தர இயலாது. அதனை ஒவ்வொரு குடும்பமுமே தரவேண்டும்.

மாணவ நண்பர்காள்! விடுதியில் வாழும் நம்மிற் பலர்க்கு நாய் வளர்க்கும் வசதி இன்று இல்லை. ஆயினும், விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது நம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள முதிய நாயைக் கைவிடாதிருக்கச் சொல்லலாம். குட்டி வாங்க நினைக்கும் உறவினரைக் காப்பகத்திலுள்ள வளர்ந்த நாயை ஒருமுறை சென்று பார்க்குமாறு வேண்டலாம். காப்பகங்களில் நீராட்டவும் நடத்திச் செல்லவும் கைகள் என்றும் தேவை. அன்னம் இட்ட கையை மறவாத உயிரை நாம் மறந்துவிடுவோமாயின், நாம் கற்ற நாலடியால் ஆய பயன் என்? மதுரை ஈன்ற அம்மாதரசியின் நினைவுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம், முதிய உயிர் ஒன்றுக்கு ஒரு வீட்டின் கதவைத் திறந்துவிடுதலே ஆகும். அவர் புகழ் நின்று நிலவுக!